வான்கோ ஒரே ஒரு ஓவியம்தான் விற்றாரா?

கேள்வி: "வான்கோ உயிரோடு இருந்தவரை ஒரே ஓர் ஓவியம்தான் விற்றது, மனநிலை சரியில்லாததால்தான் அப்படி வரைந்தார், காதை அறுத்துக் காதலிக்குக் கொடுத்தார் என்றெல்லாம் படித்திருக்கிறேன். இதில் எவ்வளவு உண்மை? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?"

மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் சேர்த்து ஒட்டினால் கிடைக்கிற ஆள் வான்கோ இல்லை. அவர் எழுதிய கடிதங்களில் 800-க்கும் மேல் இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. அவற்றைப் படித்தால் கிறுக்குப் பிடித்து வண்ணத்தை வாரி இறைக்கிற மனிதர் தென்படமாட்டார். எத்தனை மீட்டர் கேன்வாஸ் வேண்டும், எந்த மஞ்சள் தீர்ந்துபோயிற்று, பெயின்ட் வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, மாசக் கடைசியில் எத்தனை நாள் ரொட்டியும் காபியுமாக ஓட்டினேன் என்று வரவு செலவு எழுதுகிற ஒரு தொழிலாளிதான் தெரிவார். இடையிடையே படித்த நாவல்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவார், அது தனி.

பெயரை முதலில் முடித்துவிடுகிறேன். நாம் வான்கோ என்கிறோம். டச்சுக்காரர்கள் சொல்லும்போது தொண்டையைச் செருமுவது போன்ற ஒலி முன்னும் பின்னும் வரும். தெற்குப் பிரான்ஸில் அது யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் கண்காட்சிப் பட்டியலில் தன் பெயரை வெறும் 'வின்சென்ட்' என்றே போடும்படி தியோவுக்கு எழுதினார். ஓவியங்களில் கையெழுத்தும் அதுதான். இன்னொன்று: அவரைப் 'போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட்', அதாவது இம்ப்ரெஷனிஸம் என்ற ஓவியப் பாணிக்குப் பின் வந்தவர், என்கிறோமே, அந்தச் சொல் 1910-இல் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சிக்காக உண்டாக்கப்பட்டது. அதற்கு இருபது வருடம் முன்பே அவர் செத்துப்போயிருந்தார்.

பிறந்தது 1853 மார்ச் 30, நெதர்லாந்தின் தென்பகுதியில் சுந்தெர்ட் என்ற ஊர். அப்பா புரொட்டஸ்டன்ட் பாதிரியார். சரியாக ஒரு வருடம் முன்பு அதே தேதியில் அதே வீட்டில் இறந்தே பிறந்த அண்ணனுக்கும் வின்சென்ட் என்றுதான் பெயர். அந்தச் சின்னக் கல்லறை தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. இதை வைத்து மனோதத்துவ ஆராய்ச்சி செய்தவர்கள் நிறைய. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வின்சென்ட் என்பது அவர் தாத்தாவின் பெயர், பெரியப்பாவின் பெயரும் அதுவே. குடும்பப் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெரியப்பா கூபில் என்ற பெரிய ஓவிய வியாபார நிறுவனத்தில் பங்குதாரர். 16 வயதில் வின்சென்ட் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஹேக், லண்டன், பாரிஸ் என்று மாற்றினார்கள், 1876-இல் வேலையை விட்டு அனுப்பினார்கள். இதைக் கவனிக்க வேண்டும். ஓவியர் ஆவதற்கு முன்பு ஏழு வருடம் அவர் ஓவியம் விற்கும் கடையில் இருந்திருக்கிறார். சந்தை எப்படி நடக்கிறது என்று தெரியாத அப்பாவி இல்லை. அதே நிறுவனத்தில் நான்கு வயது இளையவரான தியோவும் சேர்ந்தார், அவர் கடைசிவரை நிலைத்தார்.

அப்புறம் நான்கு வருடம் அலைச்சல். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர், டோர்ட்ரெக்ட் ஊரில் புத்தகக் கடை, ஆம்ஸ்டர்டாமில் இறையியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு லத்தீனும் கிரேக்கமும். எதுவும் ஒட்டவில்லை. 1878 கடைசியில் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு மதபோதகராகப் போனார். அங்கே சுமார் 700 மீட்டர் ஆழச் சுரங்கத்துக்குள் இறங்கி ஆறு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் தியோவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளிகள் மாதிரியே இருக்க வேண்டும் என்று நல்ல துணிமணிகளைக் கொடுத்துவிட்டுக் குடிசையில் வைக்கோல்மேல் படுத்தார். விபத்தில் வெந்தவர்களுக்கும் காய்ச்சலில் கிடந்தவர்களுக்கும் பணிவிடை செய்தார். மேலிடத்துக்கு இந்தக் கோலம் பிடிக்கவில்லை. பிரசங்கமும் சரியாக வரவில்லை என்று 1879-இல் பதவியை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள்.

1880 வசந்தத்துக்கு முன்பு, கையில் பத்து பிராங்க்கோடு, கூரியேர் என்ற பிரெஞ்சு ஊருக்குப் போனார். பெரும்பாலும் நடை. ஜூல் பிரெதோன் என்று அன்றைக்குப் பெயர்பெற்ற ஓவியர் அங்கே இருந்தார், அவரைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. போய்ச் சேர்ந்தால், செங்கல்லில் கச்சிதமாகக் கட்டிய புதிய ஓவியக்கூடம் நிற்கிறது. அதன் களையற்ற தோற்றத்தைப் பார்த்ததும் கதவைத் தட்டவே மனசு வரவில்லை. திரும்பிவிட்டார். வழியில் வைக்கோல் போரிலும் கைவிட்ட வண்டியிலும் படுத்து, பையிலிருந்த சித்திரங்களைக் கொடுத்து ரொட்டித் துண்டு வாங்கித் தின்றார். அந்த நிலையில்தான் மறுபடி பென்சிலை எடுக்கப்போவதாக முடிவு செய்தேன் என்று பிறகு தியோவுக்கு எழுதினார். அப்போது வயது 27. உயிரோடு இருக்கப்போவது இன்னும் பத்தே வருடம். அந்தப் பத்து வருடத்தில் சுமார் 860 எண்ணெய் வண்ண ஓவியங்கள், கோட்டுச் சித்திரங்களையும் நீர்வண்ணங்களையும் சேர்த்தால் இரண்டாயிரத்துக்கும் மேல்.

இயல்பாகவே கை வந்தவர் என்று நினைக்காதீர்கள். ஆரம்பகாலச் சித்திரங்களைப் பார்த்தால் தெரியும், உருவங்கள் மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கும். அவர் செய்தது பயிற்சி. ஷார்ல் பார்க் தயாரித்த ஓவியப் பாடத் தாள்களைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார். ஹேக் நகரில் இருந்தபோது, தூரத்தில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் அளவு பிசகாமல் வர, நூல் கட்டிய ஒரு சட்டத்தைச் செய்யச் சொல்லிக் கடற்கரை மணலில் நட்டு அதன் வழியாகப் பார்த்து வரைந்தார். இன்னின்ன நிறம் இன்னின்னதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, வண்ணக் கம்பளி நூல்களை முறுக்கிச் சின்ன உருண்டைகளாகச் சுற்றி ஒரு பெட்டியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டி ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய சூரியகாந்தி ஓவியங்களின் மஞ்சளுக்கு மருந்தின் பக்கவிளைவு காரணம், மதுவின் விளைவு காரணம் என்று கட்டுரை எழுதுகிறவர்களை அந்தப் பெட்டி முன்னால் ஐந்து நிமிஷம் நிறுத்த வேண்டும்.

சொந்த வாழ்க்கையோ ஒரே குளறுபடி. 1881-இல், கணவரை இழந்து சிறு மகனோடு இருந்த கே வோஸ் என்ற உறவுப்பெண்மேல் காதல். தாயின் சகோதரி மகள், நம் முறைப்படி பார்த்தால் அக்கா ஆகவேண்டியவர். "இல்லை, முடியாது, ஒருநாளும் முடியாது" என்று அவர் சொல்லிவிட்டார். இவர் விடாமல் ஆம்ஸ்டர்டாம் வரை போய், விளக்குச் சுடரில் கையை வைத்துக்கொண்டு, இந்தக் கை தாங்குகிற நேரமாவது அவளைப் பார்க்க விடுங்கள் என்று பெற்றோரிடம் நின்றார். பார்க்க விடவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பாவோடு பெரிய சண்டை, வீட்டை விட்டு ஹேக் நகருக்கு வந்துவிட்டார். அங்கே சீன் என்ற பெண்ணைச் சந்தித்தார். பாலியல் தொழில் செய்து பிழைத்தவர், கர்ப்பிணி, கூடவே ஒரு சிறுமி. அவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்வதாகவும் சொன்னார். குடும்பமே கொதித்தது. ஓவியம் கற்றுக்கொடுத்த உறவினர் ஆன்டன் மௌவும் விலகிப்போனார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வறுமையும் சண்டையும் சேர்ந்து அதுவும் முறிந்தது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? தியோ. உங்கள் முதல் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1880 வாக்கில் தொடங்கி, சாகும்வரை, தியோ மாதாமாதம் பணம் அனுப்பினார். 100 பிராங்க், 150 பிராங்க், சில மாதம் அதற்கும் மேல். அண்ணன் பட்டினி கிடந்தார் என்று எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. தெற்குப் பிரான்ஸின் ஆர்ல் நகரில் அவருக்கு நண்பராக இருந்த தபால் ஊழியர் ரூலேன், மாதம் 135 பிராங்க் சம்பளத்தில் மூன்று குழந்தைகளை வளர்த்தார். வின்சென்ட்டே இதை எழுதியிருக்கிறார். அப்படியானால் தனியாளுக்கு ஏன் பற்றவில்லை? எல்லாம் பெயின்ட்டுக்கும் கேன்வாஸுக்கும் மாடலாக உட்காருகிறவர்களின் கூலிக்கும் போயிற்று. சாப்பாட்டில்தான் மிச்சம் பிடித்தார். 1885 குளிர்காலத்தில் ஆன்ட்வெர்ப் நகரில் இருந்தபோது வெந்த சாப்பாடு அபூர்வம், பற்கள் ஒவ்வொன்றாக உடைந்து விழுந்தன.

அண்ணன் தம்பிக்குள் இது பிச்சையாக இருக்கக்கூடாது என்று 1884 தொடக்கத்தில் வின்சென்ட் ஓர் ஏற்பாடு சொன்னார். நீ அனுப்புவதை என் வேலைக்கான கூலியாக வைத்துக்கொள்வோம், நான் வரைவதெல்லாம் உன்னுடையது. ஆக, அந்த நூற்றுக்கணக்கான ஓவியங்களுக்கு ஏற்கெனவே ஓர் உடைமையாளர் இருந்தார், மாதத் தவணையில் பணம் கட்டிக்கொண்டிருந்தார். 'விற்கவே இல்லை' என்ற வாக்கியத்தில் இந்த ஏற்பாடு காணாமல் போய்விடுகிறது.

சரி, அந்த 'ஒரே ஓவியம்'? அது 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்'. 1890 தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் 'இருபதின்மர்' என்ற குழுவின் கண்காட்சியில் ஆன்னா போக் என்ற பெல்ஜிய ஓவியர் 400 பிராங்க் கொடுத்து வாங்கினார். இன்றைக்கு மாஸ்கோவில் இருக்கிறது. பேரோடும் தொகையோடும் தெளிவான ஆவணம் உள்ள விற்பனை இது, அதனால்தான் 'ஒரே' என்று நிலைத்துவிட்டது. ஆனால் 1882-லேயே கோர் என்ற சித்தப்பா ஹேக் நகரக் காட்சிகள் பன்னிரண்டைக் காசு கொடுத்து வரையச் சொன்னார், பன்னிரண்டுக்கும் சேர்த்து 30 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). மற்ற ஓவியர்களோடு மாற்றிக்கொண்டவை இருக்கின்றன, சாப்பாட்டுக்கும் பெயின்ட்டுக்கும் ஈடாகக் கொடுத்தவை இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, அவர் வண்ணத்தில் தன் வழியைக் கண்டுபிடித்தது 1887-88-இல், செத்தது 1890 ஜூலையில். இரண்டரை வருடத்தில் எந்த ஓவியருக்குச் சந்தை அமைந்திருக்கிறது? அந்த 1890-லேயே பாரிஸ் கண்காட்சியில் உங்கள் அண்ணன் ஓவியங்கள்தான் இருப்பதிலேயே சிறந்தவை என்று ஓவியர் மோனே தியோவிடம் சொன்னார். காற்று அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

வண்ணத்துக்கு முந்திய வின்சென்ட்டை ஒரு படத்தில் பார்க்கலாம். நூனன் கிராமத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தபோது, 1885-இல் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. அதற்கு முன்பு ஒரு குளிர்காலம் முழுக்கக் குடியானவர்களின் தலைகளாக நாற்பதுக்கும் மேல் வரைந்து பழகினார். முகங்களின் நிறம், மண் ஒட்டிய, தோலுரிக்காத உருளைக்கிழங்கின் நிறமாக வரவேண்டும் என்றார். தட்டில் கைவைக்கிற அதே கைகள்தான் மண்ணைத் தோண்டின, அந்தச் சாப்பாட்டை அவர்கள் நேர்மையாகச் சம்பாதித்தார்கள் என்பது படத்தில் தெரிய வேண்டும் என்றார். நண்பர் வான் ராப்பார்டு அந்த முகங்களையும் கைகளையும் கேலி செய்து எழுத, ஐந்து வருட நட்பு அதோடு போயிற்று. என்னைக் கேட்டால், அந்தப் படத்தில் உடற்கூறு தப்புதான், ராப்பார்டு சொன்னதில் பாதி சரி. இருந்தும் அந்த விளக்கு வெளிச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை.

1886 பிப்ரவரியில் முன்னறிவிப்பு இல்லாமல் பாரிஸில் தியோவின் வீட்டில் போய் நின்றார். இரண்டு வருடம். துலூஸ்-லோத்ரெக், எமில் பெர்னார்ட், பிசாரோ, சினியாக் என்ற ஓவியர்கள் எல்லோரோடும் பழக்கம் ஏற்பட்டது. புழுதி நிறம் போய் வெளிச்சம் வந்தது. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளை அண்ணனும் தம்பியும் நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள். மாடலுக்குக் கொடுக்கப் பணமில்லாததால் கண்ணாடியில் பார்த்துத் தன்னையே வரைந்துகொண்டார், தன்னோவியங்களில் பெரும்பாலானவை அங்கே வரைந்தவைதான். தியோவுக்குத்தான் கஷ்டம். ஒரே உடம்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் மென்மையானவர், இன்னொருவர் தன்னலக்காரர் என்று தங்கைக்கு எழுதிப் புலம்பினார்.

1888 பிப்ரவரி 20, தெற்கே ஆர்ல் நகரம். வெயிலைத் தேடிப் போன ஆளைப் பனிதான் வரவேற்றது. பிறகு பழத்தோட்டங்கள் பூத்தன, அவர் நிற்கவே இல்லை. பதினைந்து மாதத்தில் சுமார் 200 ஓவியங்கள். லமார்ட்டின் சதுக்கத்தில் மாதம் 15 பிராங்க் வாடகைக்கு நான்கு அறைகள் கொண்ட வீட்டைப் பிடித்தார், வெளிச்சுவர் மஞ்சள். இங்கே ஓவியர்கள் கூட்டாக வாழ்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது திட்டம். அதற்காக வாங்கியது பன்னிரண்டு நாற்காலி. பன்னிரண்டு! வந்தது ஒரே ஒருவர்.

வந்தவர் ஓவியர் பால் கோகன். அவரும் சும்மா வரவில்லை. மாதம் ஓர் ஓவியத்துக்கு 150 பிராங்க் தருவதாகத் தியோ ஒப்புக்கொண்ட பிறகுதான் அக்டோபர் 23-ஆம் தேதி வந்து சேர்ந்தார். விருந்தாளி அறைக்கு வால்நட் மரக் கட்டில், தனக்குச் சாதாரணப் பலகைக் கட்டில், விருந்தாளியின் சுவரில் மாட்டச் சூரியகாந்திகள் என்று வின்சென்ட் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். முதல் சில வாரம் நன்றாகத்தான் போயிற்று. கோகன் சமைத்தார், வீட்டுச் செலவுக்குப் பெட்டி வைத்துக் கணக்குப் பார்த்தார். ஆனால் ஒருவர் கண்முன்னால் இருப்பதைப் பார்த்து வேகமாக வரைகிறவர், மற்றவர் நினைவிலிருந்தும் கற்பனையிலிருந்தும் வரையச் சொல்கிறவர். மழை பிடித்துக்கொண்டது, சின்ன வீட்டுக்குள் நாள் முழுக்க வாக்குவாதம். கோகன் கிளம்பப்போகிறார் என்பது டிசம்பரில் தெரிந்துவிட்டது. தியோவுக்கு யோஹானா போங்கர் என்ற பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகிற சேதியும் அதே நாட்களை ஒட்டித்தான். தன்னைத் தாங்குகிற ஒரே கை இனி இன்னொரு குடும்பத்தையும் தாங்க வேண்டும்.

டிசம்பர் 23 இரவு, இடது காதைச் சவரக்கத்தியால் அறுத்தார். மடலின் நுனியை மட்டும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். சிகிச்சை செய்த இளம் மருத்துவர் ஃபெலிக்ஸ் ரே பிற்காலத்தில் வரைந்து காட்டிய படம் 2016-இல் வெளியே வந்தது. அதன்படி, கீழே ஒரு துணுக்குத் தவிர முழுக் காதும் போயிருக்கிறது. அதைத் தாளில் சுற்றி, பாலியல் தொழில் நடந்த ஒரு விடுதிக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு பெண்ணிடம் கொடுத்தார். காதலி எல்லாம் இல்லை. அந்த விடுதியில் துப்புரவு வேலை செய்த இளம்பெண் என்று சமீபத்திய ஆய்வு சொல்கிறது. பெண்ணை மயக்கக் கொடுத்த பரிசு என்ற கதை அஞ்சல் அட்டைக்குத்தான் பொருந்தும். நடந்தது ஒரு கொடிய நோயின் முதல் பெரிய தாக்குதல். மறுநாள் காலையில் போலீஸ் வந்து பார்த்தபோது ரத்தம் இழந்து படுக்கையில் கிடந்தார். கோகன் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். அவர்கள் மறுபடி நேரில் சந்திக்கவில்லை, கடிதம் மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து நடந்தது எனக்குக் காது விஷயத்தைவிடக் கொடுமையாகப் படுகிறது. அக்கம்பக்கத்தார் சுமார் முப்பது பேர் இந்த ஆளைப் பூட்டி வையுங்கள் என்று மனு கொடுத்தார்கள், போலீஸ் மஞ்சள் வீட்டைச் சாத்தி முத்திரை வைத்தது. மார்ச் மாதம் பார்க்க வந்த சினியாக் பூட்டை உடைத்துத்தான் உள்ளே அழைத்துப் போனார். ஆளில்லாமல், அடுப்பு எரியாமல் கிடந்த வீட்டில் வெள்ளத்தின் ஈரம் ஏறிச் சில ஓவியங்கள் பாழாயின. மருத்துவர் ரேக்கு நன்றியாக வரைந்து கொடுத்த உருவப்படத்தை அவர் வீட்டில் கோழிக்கூண்டின் ஓட்டையை அடைக்க வைத்தார்கள் என்பது பிரபலமான துணைக்கதை. ரேயைக் குறைசொல்லத் தோன்றவில்லை, பச்சைச் சுவரும் சிவப்புத் தாடியுமாக அந்தப் படத்தை யார் வீட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள்?

1889 மே 8-ஆம் தேதி தானாகவே முன்வந்து, பக்கத்து ஊரான சான் ரெமியில் பழைய மடாலயம் ஒன்றில் நடந்த மனநல விடுதியில் சேர்ந்தார். அங்கே ஒரு வருடம், சுமார் 150 ஓவியங்கள். 'நட்சத்திர இரவு' உட்பட. உங்கள் இரண்டாவது கேள்வி இங்கே வருகிறது.

மருத்துவர்கள் அன்று ஒருவிதக் காக்காய் வலிப்பு என்று குறித்தார்கள். இன்றுவரை வேறு வேறு நோய்களின் பெயரைச் சொல்லி விவாதம் நடக்கிறது, முடிவு இல்லை. தாக்குதல் எப்படி வரும் என்பது மட்டும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. திடீரென்று வரும், குரல்கள் கேட்கும், விஷம் வைக்கிறார்கள் என்ற பயம், ஒரு தடவை பெயின்ட்டையே விழுங்கினார். சில நாளோ சில வாரமோ இருக்கும், பிறகு தெளிந்துவிடும். தெளிந்த பிறகு, அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தோடு மாதக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்வார். ஓவியங்கள் அந்த இடைவெளிகளில் பிறந்தவை. 1889 ஜூலையில் தாக்குதல் வந்தபோது வாரக்கணக்கில் தூரிகை தொட முடியவில்லை. 1890 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நீண்டதுதான் மிக மோசம். அப்போது மட்டும் சொந்த ஊர் நினைவாகச் சில படங்கள் வரைந்தார். அவை பலவீனமானவை, கோடு தடுமாறும். நோய் வரையவைத்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அவற்றைப் பாருங்கள்.

'நட்சத்திர இரவு' வெறியில் ஒரே மூச்சில் கொட்டியதல்ல. கிழக்குப் பார்த்த ஜன்னலிலிருந்து தெரிந்த விடியற்காலை வானத்தை மனதில் வைத்துக்கொண்டு, பகலில், வேறொரு அறையில் உட்கார்ந்து வரைந்தது. ஜன்னல் கம்பியை விட்டுவிட்டார். அந்த ஜன்னலில் தெரியாத ஊரைச் சேர்த்துக்கொண்டார். வெள்ளி கிரகம் மட்டும் அந்த ஜூனில் நிஜமாகவே அங்கே பிரகாசமாக இருந்தது. செப்டம்பரில் தியோவுக்குப் படங்களை அனுப்பியபோது, தபால் செலவு மிச்சம் என்று விட்டுவைத்த மூன்றில் இதுவும் ஒன்று. நவம்பரில் பெர்னார்டுக்கு எழுதிய கடிதத்தில், மறுபடி அளவுக்கு மீறிப் பெரிய நட்சத்திரங்களுக்கு ஆசைப்பட்டுத் தோற்றேன் என்கிறார்.

1890 ஜனவரியில் ஆல்பெர் ஓரியே என்ற இளம் விமர்சகர் அவரைப் புகழ்ந்து முதல் பெரிய கட்டுரை எழுதினார். வின்சென்ட்டுக்குச் சந்தோஷத்தைவிடக் கூச்சம்தான் அதிகம். இந்தப் பாராட்டு கோகனுக்கும் மோந்திசெல்லி என்ற ஓவியருக்கும் முன்னால் போகவேண்டியது என்று பதில் எழுதி, நன்றியாக ஒரு சைப்ரஸ் மரப் படத்தை அனுப்பினார். அதே ஜனவரி 31-இல் தியோவுக்கு ஆண் குழந்தை, வின்சென்ட் என்றே பெயர் வைத்தார்கள். பெரியப்பா குழந்தையின் அறைக்கு நீல வானத்தில் பூத்த வாதுமைக் கிளைகளை வரைந்தார். மேலே சொன்ன நீண்ட தாக்குதல் வந்தது அதை ஒட்டித்தான்.

மே மாதம் விடுதியை விட்டு, பாரிஸுக்கு வடக்கே ஓவேர் கிராமத்துக்கு மாறினார். ரவூ என்பவரின் விடுதியில் மாடியறை, நாளைக்கு மூன்றரை பிராங்க். கவனித்துக்கொள்ள மருத்துவர் காஷே. அவரைப் பார்த்ததும் வின்சென்ட் எழுதியது: என்னைவிட இவருக்கு வியாதி அதிகம், அல்லது எனக்குச் சமம். சுமார் எழுபது நாளில் எழுபதுக்கும் மேல் ஓவியங்கள். ஜூலை தொடக்கத்தில் பாரிஸ் போனபோது வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருந்தது, தியோ முதலாளிகளோடு மனஸ்தாபப்பட்டு வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பாரம் என்ற எண்ணம் பிறகு எழுதிய கடிதங்களில் தெரிகிறது.

ஜூலை 27 மாலை மார்பில் குண்டுக் காயத்தோடு விடுதிக்குத் தானே நடந்து வந்தார். 29-ஆம் தேதி விடியுமுன், தியோ பக்கத்தில் இருக்க, உயிர் போயிற்று. வயது 37. ஊர்ப் பையன்கள் சுட்டிருக்கலாம் என்று 2011-இல் ஒரு வாழ்க்கை வரலாறு வாதாடியது. தானே சுட்டுக்கொண்டதாக அவரே போலீஸிடம் சொன்னார், ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகமும் அதையே ஏற்கிறது, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கடைசி ஓவியம் காகங்கள் பறக்கிற கோதுமை வயல் என்று பலரும் சொல்வார்கள், தப்பு. முடியாமல் நின்றுபோன 'மர வேர்கள்'தான் கடைசி. குண்டுக் காயம் பட்ட அன்றும் அதைத்தான் வரைந்திருக்கிறார். தற்கொலை என்பதால் ஊர்ப் பாதிரியார் தேவாலயத்தின் சவ வண்டியைத் தரவில்லை, பக்கத்து ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். சவப்பெட்டியைச் சுற்றி அவர் ஓவியங்களை மாட்டி, மஞ்சள் பூக்களாகக் குவித்தார்கள்.

ஆறு மாதத்தில், 1891 ஜனவரி 25-இல், தியோவும் போய்ச் சேர்ந்தார், வயது 33. உள்ளே முற்றியிருந்த சிபிலிஸ் மூளையைத் தாக்கியிருந்தது.

மிச்சமிருந்தது 28 வயது விதவை யோஹானா, இன்னும் ஒரு வயது நிறையாத குழந்தை, நூற்றுக்கணக்கான ஓவியங்கள், ஒரு மேஜை இழுப்பறை நிறையக் கடிதங்கள். வான்கோ என்ற பெயர் இன்று நமக்குத் தெரிவது இந்தப் பெண்ணால்தான். கேள்வியில் இவர் இல்லை, பொதுவாக எந்தக் கேள்வியிலும் இருப்பதில்லை. ஊர் திரும்பி, பூசம் என்ற சிற்றூரில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தார், சுவரெல்லாம் வின்சென்ட்டின் படங்கள். பள்ளிக்கூடச் சிறுமி மாதிரி உருகுகிறாள் என்று ஓர் ஓவியர் ஏளனமாக எழுதினார். யோஹானா பாட்டுக்குக் கண்காட்சி கண்காட்சியாக அனுப்பினார், அவசரப்பட்டு விற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார், நல்லதை விற்பனைக்கில்லை என்று போட்டு மற்றவற்றின் மதிப்பை ஏற்றினார். 1905-இல் ஆம்ஸ்டர்டாமில் 480-க்கும் மேற்பட்ட படைப்புகளோடு பெரிய கண்காட்சி. மருத்துவர் காஷேயின் உருவப்படம் ஒன்று 1897-இல் 300 பிராங்க்குக்குப் போனது. அதே படம் 1990-இல் ஏலத்தில் 8.25 கோடி டாலர்.

கடிதங்களை மட்டும் அவர் 1914 வரை வெளியிடவில்லை. படங்களுக்கு அங்கீகாரம் கிடைப்பதற்கு முன்பே அந்த மனிதர்மேல் ஆர்வத்தைக் கிளப்பினால் அது அவருக்குச் செய்கிற அநீதி என்று முன்னுரையில் எழுதினார். அதே வருடம் தியோவின் எச்சங்களை ஓவேருக்குக் கொண்டுபோய் அண்ணன் பக்கத்தில் அடக்கம் செய்தார். 1924-இல், முப்பது வருடத்துக்கு மேலாகத் தன் கண்முன்னால் இருந்த சூரியகாந்திகளை லண்டன் தேசிய ஓவியக்கூடம் கேட்டது. முதலில் மறுத்தார். பிறகு, வின்சென்ட்டின் பெருமைக்காக இந்தத் தியாகம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வருடம் இறந்தபோது கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார், ஐந்நூற்றுச் சொச்சம் முடிந்திருந்தது.